கேட்டை தவிர

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று ஆபீஸ் திறந்தோம். மார்கழி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் காலை பத்து மணிக்கே பதினாலு பேர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். மகன் கல்யாணம் முடிந்த சந்தோஷத்தில் உரக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன டைரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு யூரியா மூட்டை படம் போட்டிருக்கிறது.

டைரி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. குழப்பம் தீர எழுதிப் பார்க்கலாம் என்றுதான். குழப்பத்துக்குக் காரணம் எங்கள் முதலாளி கோதண்டம் சார். சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு தாளோடு வந்திருக்கிறார். வெளிநாட்டு வரன்கள் எங்கள் திருமணத் தகவல் மையத்தைத் திரும்பிப் பார்க்காததற்கு நான் எழுதும் குறிப்புகள்தான் காரணமாம்.

"அரசியம்மா, 'நல்ல பையன், நல்ல குடும்பம், நல்ல பழக்கம்'னு இன்னும் எத்தனை வருஷத்துக்கு எழுதுவீங்க? படிக்கிறவனுக்குக் கொட்டாவி வருது. இனிமே ஒவ்வொரு குறிப்புலயும் இந்த லிஸ்ட்லேர்ந்து மூணு வார்த்தை இருந்தே ஆகணும்."

முப்பத்திரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். சார்மிங், கிளாமரஸ், எலிகன்ட், கிரேஸ்ஃபுல், டாஷிங், ஸ்டைலிஷ், சிக், கரிஸ்மாடிக் என்று வரிசையாக இறங்குகிறது. எல்லாமே ஓர் ஆளைப் பார்த்ததும் நமக்குப் பிடித்துப்போவதைச் சொல்கிற வார்த்தைகளாம். ஒன்றே ஒன்றைச் சொல்ல எதற்கு முப்பத்திரண்டு?

பதினாலு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூவாயிரம் பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். மங்கையர்க்கரசி எழுதினால் கைராசி என்று திருச்சியில் ஒரு பேர்கூட உண்டு. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வார்த்தை மனப்பாடம் செய்கிறேன்.

ஜனவரி 19

'சிக்' என்றால் கோழிக்குஞ்சு இல்லையாம். பின்னே என்ன என்று கேட்டேன். "அது ஒரு மாதிரி" என்றார் சார்.

ஜனவரி 23

ஆபீஸ் அலமாரியில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். சார்முக்குக் கவர்ச்சி. கிளாமருக்குக் கவர்ச்சி. கரிஸ்மாவுக்கும் கவர்ச்சி. சார்முக்குக் கீழே தாயத்து என்றும் போட்டிருக்கிறது. ஒருவரைத் தாயத்து என்று எப்படி எழுதுவது? மூடி வைத்துவிட்டேன்.

பெண்களுக்கு 'கிளாமரஸ்' மட்டும் போடவே கூடாது, மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்கள் என்று சார் எச்சரித்திருந்தார். இன்று வந்த ஒரு அம்மா மேசையைத் தட்டி, "எங்க பொண்ணு நல்லா கிளாமரா இருப்பான்னு போடுங்க" என்றார். வேண்டாமே என்றேன். "ஏன், எங்க பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று அரைமணி நேரம் சண்டை. பெண் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் 'கிரேஸ்ஃபுல்' போட்டு அனுப்பினேன்.

என்னைக் கேட்டால் அந்தப் பெண் முகத்தில் களை இருக்கிறது. மூக்கும் முழியும் சுமார்தான், ஆனால் களை இருக்கிறது. லிஸ்டில் முப்பத்திரண்டு இருந்தும் களைக்கு ஒன்று இல்லை.

ஜனவரி 24

மாப்பிள்ளைகள் வரிசையில் ஃபைல் எண் 2217. தணிகாசலம், வயது 43. புத்தூர் நால்ரோடு பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. அப்பா பதினோரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் கல்யாண வயது போய்விட்டது. வேறொரு மையம் மூலமாக ஏழு இடங்களுக்கு ஜாதகம் போய், ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்கா அன்னபூரணி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்செல்லாம் அக்காதான். தணிகாசலம் தலையைத் தூக்கி எங்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ரெண்டு வருஷமாகக் கடக் கடக் என்று அடித்துக்கொள்ளும்.

"ஸ்டூல் இருக்குங்களா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். கரண்டை நிறுத்தச் சொல்லி, ஏறி, ஏதோ திருகினார். சத்தம் நின்றுபோய் அறையே வேறு அறை மாதிரி இருந்தது. இறங்கி வந்து கைக்குட்டையில் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் நிரப்பினார். 'எதிர்பார்க்கும் மணமகள்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார். யாரும் காலியாக விடாத கட்டம் அது. நிறம், உயரம், படிப்பு என்று எழுதிவிட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த மாதிரி கடைசியில் 'கேட்டை, ஆயில்யம், மூலம் தவிர' என்று முடிப்பார்கள். கேட்டை நட்சத்திரப் பெண் வந்தால் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அண்ணனே இல்லாத வீட்டுக்காரர்களும் எதற்கு வம்பு என்று எழுதிவிடுவார்கள். பதினாலு வருஷமாக வாரத்துக்கு நாலு தடவையாவது இதை டைப் அடிக்கிறேன். கேட்டை தவிர, கேட்டை தவிர. விரலுக்கே மனப்பாடம்.

கட்டத்தை நிரப்பச் சொன்னேன். "அப்புறமா எழுதுறேங்க" என்றார்.

பதில் எப்போது வரும் என்று அக்கா கேட்டார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். "ஜாதகம் குடுத்து பதினஞ்சு நாள் பாருங்க. பதில் வரலன்னா அவங்களுக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கணும். யாரும் வாய்விட்டு வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நாமளும் போன் போட்டுக் கேக்கக் கூடாது. அதான் மரியாதை."

"பதினஞ்சு நாள்" என்று தணிகாசலம் ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர்கள் போனபின் சார் ஃபைலைப் பார்த்துவிட்டு, ஏழு இடம் தட்டிப்போன ஆளுக்கு லிஸ்டிலேயே பெரிய வார்த்தையாகப் போடச் சொன்னார். டாஷிங், கரிஸ்மாடிக், சார்மிங். டாஷிங் என்றால் அதிரடியாம். மின்விசிறியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை இரண்டு தடவை சரிபார்க்கிற மனுஷன் அதிரடியா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஜனவரி 30

தணிகாசலம் போட்டோ கொண்டுவந்தார். ஸ்டுடியோக்காரன் யாருடைய கோட்டையோ மாட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் வைத்திருக்கிறான். "இது நீங்க மாதிரியே இல்லீங்க, வேற எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். "எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு" என்று சிரித்தார். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் லேசாகக் குழி விழுகிறது. வேலைக்காகக் குறித்துக்கொள்கிறேன்.

போகிறபோது, "உங்க நட்சத்திரம் என்னங்க மேடம்?" என்று கேட்டார். எதற்குக் கேட்டாரோ. சிலருக்கு ஜோசியத்தில் ஆர்வம் இருக்கும். கேட்டை என்றேன்.

வாசல்படிவரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம், "எனக்கு அண்ணன் கிடையாதுங்க. ஒரே ஒரு அக்காதான்" என்றார்.

இதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று புரியவில்லை. படிவத்தில் 'உடன்பிறந்தோர்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே தெளிவாக எழுதியிருக்கிறாரே.

பிப்ரவரி 3

சனிக்கிழமை அரைநாள். மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு புத்தூர் போனேன். "நல்லாத்தானடி ஓடுது?" என்றார் அம்மா. சத்தம் வருகிறது என்றேன். குறிப்பு எழுத வேண்டுமானால் ஆளை அவர் இருக்கிற இடத்தில் பார்த்தால்தானே வார்த்தை கிடைக்கும்.

கடையில் எனக்கு முன்னால் ஒரு வயசான அம்மா. மிக்ஸி ஓடவில்லை என்பதைச் சொல்ல ஆரம்பித்து, அது மகள் கொடுத்தது, மகள் ஓசூரில் இருக்கிறாள், மருமகன் சரியில்லை என்று பத்து நிமிஷம் போயிற்று. தணிகாசலம் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டு முடித்து, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கினார். ஓடியது. காசும் வாங்கவில்லை.

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. ஆனா அவங்க சொல்லி முடிச்சாத்தான் அவங்களுக்கு ரிப்பேர் ஆன மாதிரி இருக்கும்."

என் மிக்ஸியை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அதில் ஒரு குறையும் இல்லை என்று எனக்கே தெரியும். அவர் என்னையும் மிக்ஸியையும் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் இங்க இருக்கட்டுங்க. நல்லா பாத்துட்டு நானே கொண்டாந்து குடுக்கறேன்" என்றார். ஒன்றுமில்லாத மிக்ஸியில் ரெண்டு நாள் என்ன பார்ப்பாரோ. அம்மா இன்றைக்குச் சட்னியை அம்மியில் அரைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5

மிக்ஸியைத் தணிகாசலமே ஆபீசில் கொண்டுவந்து கொடுத்தார். ஜாரைக் கழுவித் துடைத்து, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

கூடவே ஜாதகத்தின் இன்னொரு காப்பியையும் நீட்டினார். ஒன்று ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது. இதில் நாலு மூலையிலும் மஞ்சள் வேறு, ஈரம்கூடக் காயவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. "ஆபீசுக்குத் தர்றதுல மஞ்சள் வைக்கக் கூடாதுங்க. ஸ்கேனர்ல ஒட்டிக்கும். படிவத்துலயே போட்டிருக்கோம் பாருங்க."

"இது ஸ்கேனருக்கு இல்லீங்க."

"பின்னே?"

"உங்ககிட்ட இருக்கட்டுங்க மேடம்."

என்னிடம் என்றால் மையத்திடம்தானே. முறைப்படி 'பெறப்பட்டது' என்று தேதி முத்திரை குத்தி 2217-இல் வைத்தேன். அவர் அந்த முத்திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். வரன் தேடி வருகிற சிலரின் மனசில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய பாடு.

பிப்ரவரி 7

சார் மதுரைக்குப் போயிருக்கிறார். இன்றைக்குள் 2217-க்குக் குறிப்பு ஏற்ற வேண்டும். லிஸ்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டினேன். சார்மிங் என்று எழுதினால் செண்ட் போட்டுக்கொண்டு திரிகிற ஆள் மாதிரி இருக்கிறது. எலிகன்ட் என்றால் சோபா விளம்பரம். ஸ்டைலிஷ் என்று டைப் அடித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அவர் கடையில் நீல டப்பாவில் ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து வைத்திருப்பதற்கு என்ன வார்த்தை? இருக்கிறது, ஒன்று இருக்கிறது, அது என்னவென்றுதான் தெரியவில்லை.

கடைசியில் வார்த்தையே இல்லாமல் பார்த்ததை மட்டும் தமிழில் எழுதி ஏற்றிவிட்டேன். சார் வந்தால் திட்டுவார். இங்கேயும் ஒரு நகல் இருக்கட்டும்:

'இவர் எதை வாங்கினாலும் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்குவார், பேனாவாக இருந்தாலும். பழுது என்னவென்று தெரிந்தபின்னும் எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். இவர் போனபின் அறையில் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருக்கும், அது எது என்று யோசித்தால்தான் தெரியும். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு, ஆனால் அதற்காகக் காத்திருக்கலாம். கழுவித் திருப்பித் தருகிற மனிதர்.'

திரும்பப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. வேலைதானே.

பிப்ரவரி 9

இன்று வரவில்லை. வரவேண்டிய வேலையும் இல்லைதான்.

பிப்ரவரி 12

மின்விசிறி திரும்பவும் சத்தம் போட்டால் கூப்பிடலாம். பாழாய்ப்போனது ஓசையே இல்லாமல் ஓடுகிறது.

பிப்ரவரி 14

ஈரோட்டிலிருந்து 2217-க்குப் பதில் வந்திருக்கிறது. பெண் செண்பகவல்லி, 37, கல்லூரி நூலகர். வீட்டுக்காரர்கள் எழுதாமல் அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறாள். குறிப்பைப் பிடித்திருக்கிறதாம், நேரில் பார்க்கலாமாம். ஜாதகமும் பத்துக்கு எட்டுப் பொருத்தம். சார் துள்ளிக் குதித்தார். மூன்று வார்த்தை போடாததைக்கூட மன்னித்துவிட்டார்.

எனக்கு ஒரே தலைவலி. வெயில் ஆரம்பித்துவிட்டது.

தணிகாசலத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். நல்ல இடம், அரசு உதவி பெறும் கல்லூரி, குடும்பமும் பிரமாதம் என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டார். ரொம்ப நல்ல வரன், விட்டுவிடாதீர்கள் என்றேன். "இன்னும் ஆறு நாள் போகட்டுங்க" என்றார்.

ஆறு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

பிப்ரவரி 21

காலையிலேயே வந்துவிட்டார். சவரம்கூடச் செய்யவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. "பதினஞ்சு நாள் முடிஞ்சிடுச்சுங்க. ஈரோட்டுக்காரங்களைப் பாத்துடலாம்" என்றார்.

ஈரோட்டிலிருந்து பதில் வந்தே ஏழு நாள்தான் ஆகிறது. பதினைந்து என்று எந்தக் கணக்கில் சொல்கிறாரோ. ஞாயிற்றுக்கிழமை வயலூர் முருகன் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். படிவத்தில் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பிவிடலாமா என்று கேட்டேன்.

"இனிமே எதுக்குங்க" என்றார்.

நல்ல காரியம் கூடிவருகிறபோது இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கும் நாள் முழுக்க எதிலும் மனசு ஒட்டவில்லை. இரண்டு குறிப்புகளில் மாப்பிள்ளைக்கு கிரேஸ்ஃபுல்லும் பெண்ணுக்கு டாஷிங்கும் போட்டுவிட்டேன். சார் பார்த்து இரைந்தார்.

பிப்ரவரி 25

வயலூர். இப்போதெல்லாம் பெண் வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் கிடையாது. இரண்டு குடும்பமும் கோயிலுக்குத் தற்செயலாக வந்த மாதிரி வந்து, தற்செயலாகப் பிரகாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. அந்தத் தற்செயலை நடத்திவைக்கத்தான் நான்.

செண்பகவல்லி நல்ல பெண். இதைச் சொல்லியே ஆக வேண்டும். இளம்பச்சைப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அலட்டல் இல்லை. எலிகன்ட் என்றால் இதுதான் போலிருக்கிறது. இத்தனை நாள் புரியாதது அவளைப் பார்த்ததும் புரிந்தது. புரிந்தபோது சந்தோஷமாக இல்லை.

தணிகாசலமும் அவளும் கொடிமரத்துப் பக்கம் கால்மணி நேரம் பேசினார்கள். நான் அன்னபூரணி அக்காவுடன் நின்று தேங்காய்மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தேங்காயைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

திரும்பும்போது செண்பகவல்லி என்னிடம் வந்தாள். "அந்தக் குறிப்பை எழுதுனது யாருங்க?"

"ஆபீஸ்ல எழுதுறதுங்க."

"ஆபீஸ்ல யாருங்க?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாக இல்லை. புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 26

பதினோரு மணிக்கு ஈரோட்டிலிருந்து போன். செண்பகவல்லிதான்.

"பதினஞ்சு நாள் பேசாம இருந்திருக்கலாம், அதுதான் முறைன்னு தெரியுங்க. ஆனா உங்ககிட்ட நேரா சொல்லணும்னு தோணுச்சு. எனக்கு இது வேண்டாங்க."

ஏன், ஆள் பிடிக்கவில்லையா, ரொம்ப நல்லவர், என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். பதற்றத்துக்கு நடுவில் உள்ளே என்னமோ குளுகுளு என்று இறங்கியது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"நல்லவர்தாங்க. நீங்க எழுதுனது ஒண்ணுகூடப் பொய்யில்ல. கோயில்ல அர்ச்சனைத் தட்டை வாங்கறதுக்கு முன்னாடி வேட்டியில கையைத் துடைச்சாருங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. ஆனா நான் முப்பது நாப்பது மையத்தோட குறிப்பைப் படிச்சிருக்கேன். ஒரு ஆளை இப்படிப் பாத்து ஒருத்தரும் எழுதுனதில்லீங்க. அவரை ஏற்கெனவே ஒருத்தங்க பாத்தாச்சு. அதுக்கப்புறம் நான் வந்து என்னத்தப் பாக்கறது?"

ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவருகிட்டயும் கேட்டேங்க, வேற யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கீங்களான்னு. 'ஜாதகம் குடுத்தேன், பதில் வரல'ன்னாரு."

ஏழு இடத்துக்குப் போய்ப் பதில் வராத கதையைச் சொல்லியிருப்பார். பாவம்.

பிப்ரவரி 27

2217-இல் 'பொருந்தவில்லை' முத்திரை குத்த ஃபைலை எடுத்தேன்.

உள்ளே இரண்டு ஜாதகம். ஒன்று வெள்ளை. ஒன்று நாலு மூலையும் மஞ்சள், காய்ந்து பழுப்பேறி, நடுவில் என் முத்திரை. பெறப்பட்டது, பிப்ரவரி 5.

மஞ்சள் தடவிய ஜாதகம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத்தான் போகும். ஆபீசுக்கு வராது. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த இது எனக்குத் தெரியாதா? நான்தானே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். மஞ்சள் வைத்து, கிழக்கே பார்த்து நின்று, பெண் வீட்டார் கையில் கொடுங்கள் என்று. அவர் கிழக்கே பார்த்துத்தான் நின்றார். என் மேசை மேற்கே பார்த்திருக்கிறது.

இந்த டைரியைப் பின்னால் புரட்டி விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்து நாள், இருபதாம் தேதி. பதினாலாம் தேதி அவர் கேட்ட ஆறு நாளும் இதே இருபதில்தான் வந்து நிற்கிறது. இருபத்தொன்று காலையில் சவரம் செய்யாமல் வந்து நின்றார். யாரும் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், போன் போட்டுக் கேட்கக்கூடாது, அதுதான் மரியாதை. சொல்லிக்கொடுத்ததே நான். அவர் ஒரு எழுத்து பிசகாமல் நடந்துகொண்டார். நானே போன் போட்டு, நல்ல வரன் விட்டுவிடாதீர்கள் என்று நாலு தடவை சொல்லியிருக்கிறேன்.

மடச்சி. நான் ஒரு மடச்சி. மூவாயிரம் ஜாதகம் கையில் வாங்கியிருக்கிறேன். எல்லாம் வேறு யாருக்கோ கொடுக்க வந்தவை. ஒன்று எனக்கே வரும் என்று இந்தக் கைக்கு எப்படித் தெரியும்? ஸ்கேனரில் ஒட்டும் என்று சொன்னேனே, அதை நினைத்தால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முத்திரை குத்தவில்லை. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சார் என்ன ஆயிற்று என்று கேட்டார். வெயில் என்றேன்.

பிப்ரவரி 28

அம்மாவிடம் என் ஜாதகத்தைக் கேட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பதினோராவது இடமும் கேட்டை என்று தட்டிப்போன அன்றைக்கு, அம்மா அதைச் சுருட்டி எங்கோ வைத்தார். அதன்பின் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. நேராகப் போய்ப் பீரோவில் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். கொஞ்சம்கூடத் தூசி இல்லை.

"மிக்ஸிக்காரருக்கா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நல்லா ஓடற மிக்ஸிய ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனவளுக்கும், அத ரெண்டு நாள் வெச்சு ரிப்பேர் பண்ணவருக்கும் நடுவுல நான் அம்மியில அரைச்சிட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாதா?"

மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அம்மாவே தொட்டு வைத்தார். ஒரு மூலையில் கொஞ்சம் அதிகமாகவே அப்பிவிட்டது.

பிப்ரவரி 29

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தேதி. யூரியா மூட்டை இன்றும் இருக்கிறது.

மதியம் அரைநாள் லீவு சொன்னேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை என்பதால் சார் பயந்துபோய் உடம்புக்கா என்று கேட்டார். என் ஜாதகத்தையும், காலிக் கட்டத்தோடு இருந்த 2217-இன் படிவத்தையும் பையில் போட்டுக்கொண்டு புத்தூருக்கு பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். மற்றவர்களுக்கு மூவாயிரம் தடவை எழுதிக்கொடுத்தவளுக்கு ஒரு வரி வரவில்லை. அவர் மனசு மாறியிருந்தால்? பதில் வராத எட்டாவது இடம் நான்தானே. மனசு விட்டுப்போயிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ்.

ஜாதகத்தை நீட்டினேன். நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்றுகூடக் கவனிக்கவில்லை. "அஞ்சாம் தேதி குடுத்ததுக்குப் பதிலுங்க. லேட்டாயிடுச்சு. ஆபீஸ் காப்பின்னு நினைச்சுட்டேன்" என்றேன்.

அவர் வாங்கவில்லை. திரும்பிக் கடைக்குள்ளே போனார். எனக்கு உயிர் போய்விட்டது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினார். நாலு மூலையையும் பார்த்தார். மஞ்சள் அதிகமாக அப்பியிருந்த மூலையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கும் பதினஞ்சு நாள் உண்டுங்களா மேடம்?"

"உண்டுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

"அவ்வளவு வேண்டாங்க" என்றார். இடது கன்னத்தில் குழி விழுந்தது. "அந்தப் படிவத்தைக் குடுங்க. பேனாவும்."

கிரைண்டர் கல் மேலேயே வைத்து, விட்டுப்போயிருந்த கட்டத்தை நிரப்பினார். ரொம்ப நேரம் ஆகவில்லை. படிவத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நிறமோ உயரமோ படிப்போ, சாருடைய முப்பத்திரண்டில் ஒன்றோ அதில் இல்லை. கட்டத்தின் நட்டநடுவில் 'கேட்டை' என்று மட்டும் எழுதியிருந்தது.

பதினாலு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"'தவிர' விட்டுப்போச்சுங்க."

"விட்டுப்போகலீங்க" என்றார்.